க்ளெயாந்தின் வசனங்களை வெட்டாதீர்கள்

பிரெஞ்சு நாடகாசிரியர் மொலியேரின், பக்தி வேடமிட்டு ஒரு குடும்பத்தை ஏமாற்றுபவனைப் பற்றிய ‘தார்த்யூஃப்’ நாடகத்தை மேடையேற்றும் இயக்குநர்களுக்கு வணக்கம்.

நாடகத்தைக் குறிப்பிட்ட நேரத்துக்குள் முடித்தாக வேண்டும் என்ற நெருக்கடி வரும்போது உங்களில் பலர் முதலில் கைவைப்பது, குடும்பத் தலைவன் ஒர்கோனின் மைத்துனனான க்ளெயாந்தின் வசனங்களில்தான். அவன் நீளமாகப் பேசுகிறான், அவன் பேச்சை யாரும் கேட்பதில்லை, அதனால் கதை நகர்வதுமில்லை என்பவை அதற்குச் சொல்லப்படும் காரணங்கள். வெட்டுக்குத் தப்பிய மேடைகளிலும், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு உபதேசம் செய்யும் பெரிய மனிதராகவே அவன் பெரும்பாலும் நிற்கிறான். இவ்விரண்டு வழக்கங்களையும் நீங்கள் கைவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இம்மடலை எழுதுகிறேன்.

முதல் அங்கத்தை மீண்டும் ஒருமுறை பாருங்கள். வெளியூரிலிருந்து திரும்பும் ஒர்கோன் வீட்டு நிலவரம் விசாரிக்கிறான். எஜமானி எல்மீர் காய்ச்சலிலும் தலைவலியிலும் துவண்டதைப் பணிப்பெண் தொரீன் சொல்கிறாள். அவனோ, தான் வீட்டில் இடம்கொடுத்து வைத்திருக்கும் பக்திமான் தார்த்யூஃப் எப்படி இருக்கிறார் என்று கேட்கிறான். அந்த மனிதர் இரண்டு கௌதாரிகளையும் அரை ஆட்டுத்தொடைக் கறியையும் தின்று தீர்த்தார் என்று அறிந்ததும் ‘பாவம்’ என்று உருகுகிறான். இந்தக் கேள்வியும் உருக்கமும் நான்கு முறை திரும்ப வருகின்றன, அரங்கம் சிரிக்கிறது. ஆனால் அந்த இடத்தில் க்ளெயாந்தும் நின்றுகொண்டிருக்கிறான் என்பதையும், காய்ச்சலில் கிடந்த எல்மீர் அவனுடைய உடன்பிறந்தவள் என்பதையும் எத்தனை மேடைகள் நமக்கு உணர்த்துகின்றன? அடுத்த காட்சியிலேயே ஒர்கோன், தார்த்யூஃபிடம் பாடம் கற்றபின் சகோதரனும் பிள்ளைகளும் தாயும் மனைவியும் கண்ணெதிரே செத்தாலும் தனக்கு ஒரு பொருட்டில்லை என்று பெருமைப்படுகிறான். அந்த மனைவியின் சகோதரன் முகத்தைப் பார்த்தே அதைச் சொல்கிறான். அதன்பின் வரும் நீண்ட பேச்சு, மெய்யான பக்திக்கும் பக்தி வேடத்துக்கும் உள்ள வேறுபாட்டை விளக்கும் பேச்சு, தத்துவ விரிவுரை அல்ல. தன் குடும்பம் கைநழுவிப் போவதைப் பார்க்கும் ஒருவன் கோபத்தை அடக்கிக்கொண்டு வாதத்தால் அதைத் தடுக்க முயல்வது. உங்கள் நடிகர் அதை அப்படிப் பேசினால் ஒரு வரிகூட நீளமாகத் தோன்றாது.

1664 மே 12 அன்று வெர்சாயில் மன்னர் பதினான்காம் லூயியின் முன் அரங்கேறியதும் இந்நாடகம் பொது மேடைக்குத் தடைசெய்யப்பட்டது. 1667 ஆகஸ்டில் பெயரையும் சில இடங்களையும் மாற்றி ஒரே ஒரு முறை நடித்தபின் மீண்டும் தடை. 1669 பிப்ரவரி 5 அன்றுதான் முழு அனுமதி கிடைத்தது. அவ்வாண்டு வெளிவந்த நூலின் முன்னுரையில், அயோக்கியனுக்கு எதிரே உண்மையான நல்லவன் ஒருவனை நிறுத்தியிருப்பதாக மொலியேர் தம் தரப்பைச் சொன்னார். இதைக் கொண்டு, தேவாலயத்தின் சினத்துக்கு அஞ்சிப் பிடித்த கேடயமே க்ளெயாந்த் என்று வாதிடுவோர் உண்டு. கேடயமாகவும் அவன் பயன்பட்டிருக்கலாம். ஆனால் கேடயத்துக்கு முதல் அங்கத்துப் பேச்சே போதுமானதாக இருந்திருக்கும். நான்காம், ஐந்தாம் அங்கங்களில் அவனுக்குக் கிடைத்திருப்பவற்றை அந்த வாதம் விளக்குவதில்லை.

நான்காம் அங்கத்தில், தகப்பன் ஒர்கோன் துரத்திவிட்ட மகனின் சொத்தை எப்படி வாங்கிக்கொள்ளலாம் என்று க்ளெயாந்த் தார்த்யூஃபையே நேருக்கு நேர் கேட்கிறான். அது தீயவர் கைக்குப் போய்விடக் கூடாதே என்றுதான் ஏற்கிறேன் என்பது பதில். வாரிசு அதை அழித்தாலும் பரவாயில்லை, நீங்கள் பறித்ததாகப் பெயர் வரக் கூடாது என்று க்ளெயாந்த் மடக்க, மணி மூன்றரை ஆகிவிட்டது, வழிபாட்டுக் கடமை இருக்கிறது என்று சொல்லி தார்த்யூஃப் மாடிக்கு நழுவுகிறான். பதில் இல்லாதவன் கடிகாரத்தைப் பார்க்கும் இந்தக் காட்சியை வெட்டினால் தார்த்யூஃபின் கோழைத்தனம் வெளிப்படும் இடத்தையே இழந்துவிடுகிறீர்கள்.

எல்லாவற்றையும்விட ஐந்தாம் அங்கத் தொடக்கத்தைக் காப்பாற்றுங்கள். ஏமாந்தது தெரிந்ததும் ஒர்கோன் இனி நல்லவர்கள் எவரையும் நம்பமாட்டேன், அவர்களை அடியோடு வெறுப்பேன் என்று சூளுரைக்கிறான். அவனை அப்போதும் தடுப்பவன் க்ளெயாந்த்தான். ஒரு மோசக்காரன் ஏமாற்றியதற்காக எல்லோரையும் மோசக்காரர் என்பது பழைய குருட்டுத்தனத்தின் மறுபக்கமே என்கிறான். ஏதேனும் ஓர் எல்லைக்குப் போய்த்தான் தீரவேண்டும் என்றால் நம்பித் தவறு செய்யும் பக்கமே போ என்றும் சொல்கிறான். முதல் அங்கத்திலிருந்தே எச்சரித்துவந்த ஒருவன் வாயிலிருந்து இந்தச் சொல் வருவதை உலக நாடகத்தின் மிக உயர்ந்த தருணங்களுள் ஒன்றாக நான் கருதுகிறேன். இதை நீக்கிய மேடையில் பார்வையாளர் கற்பது, யாரையும் நம்பாதே என்பதுதான். மொலியேர் அதை எழுதவில்லை. இறுதிக் காட்சியில் அரசனின் அதிகாரி தார்த்யூஃபைக் கைது செய்யும்போது, ஒர்கோன் வசைபாடத் தொடங்கியதும் குறுக்கிட்டு, விழுந்தவனை அவமதிக்காதே, அவன் திருந்தவேண்டும் என்று விரும்பு என்று சொல்பவனும் இவனே.

நேரம் உண்மையிலேயே போதவில்லை என்றால் இரண்டாம் அங்கத்தில் ஒர்கோனின் மகள் மரியானும் அவள் காதலன் வலேரும் ஊடிப் பிணங்கும் காட்சியைக் குறையுங்கள். இனிமையான காட்சிதான், ஆயினும் அது பாதியாகச் சுருங்கினாலும் நாடகம் தாங்கும்.