பத்தாயத்துக்கு அடியில்

கும்பகோணம்
தை 12

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நலம். அங்கு அனைவரின் நலமறிய ஆவல். உன் கடிதம் பொங்கலுக்கு மறுநாள் கிடைத்தது. பேத்தி தமிழில் பெயர் எழுதி அனுப்பிய தாளை உன் தங்கை சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறாள். இங்கே சம்பா அறுப்பு தொடங்கிவிட்டது. கதிர் தலைசாய்ந்து நிற்கிறது; இன்னொரு மழை வராமல் இருக்க வேண்டும்.

நீ கேட்டபடி உன் வீட்டைத் திறந்து பார்த்தேன். கதவைத் திறந்ததுமே ஊறல் வாடை அடித்தது. கூடத்துச் சுவரில் முழங்கால் உயரத்துக்கு உப்புப் பூத்திருக்கிறது. கை பட்ட இடமெல்லாம் பூச்சு பொரிந்து விழுகிறது. பின்கட்டுக்குப் போய், டார்ச்சை எடுத்துக்கொண்டு, நெல் கொட்டி வைக்கும் மரப் பத்தாயத்துக்கு அடியில் வயிற்றால் ஊர்ந்து நுழைந்தேன். நாம் ஒளிந்து விளையாடிய இடம்தான். இப்போது தோள் இடிக்கிறது. மழை ஓய்ந்து மூன்று வாரம் ஆகியும் அங்கே தரை சேறாக இருக்கிறது. பின்கால் இரண்டிலும் கறையான் மண் பூசிக்கொண்டு ஏறியிருக்கிறது. பேனாக்கத்தியால் குத்திப் பார்த்தேன். ஒரு காலில் கத்தி பிடி வரை இறங்கியது. இன்னொன்றில் அரை அங்குலத்திலேயே மரத்தின் கெட்டியான வைரம் தட்டியது. முன்கால்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

கூரை ஒழுகியிருக்குமோ என்று முதலில் நினைத்தேன். ஓடு நன்றாகத்தான் இருக்கிறது. கூடத்துத் தரையில் ஒரு பாலித்தீன் தாளை விரித்து, நான்கு ஓரமும் ஒட்டிவிட்டு வந்தேன். மறுநாள் எடுத்துப் பார்த்தால் தாளின் அடிப்பக்கம் முத்து முத்தாக நீர். ஈரம் கீழிருந்துதான் வருகிறது. பிறகு முற்றத்தில் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றினேன். கொல்லைப் பக்கம் ஒரு சொட்டு வரவில்லை. முற்றத்துத் தண்ணீரை வெளியேற்ற பின்கட்டின் அடியில் ஓடும் சலதாரையின் வாயைத் தென்னை வேர் அடைத்துவிட்டது. ஐப்பசி, கார்த்திகையில் முற்றத்தில் பெய்த மழையெல்லாம் உன் தரைக்கு அடியிலேயே தங்கியிருக்கிறது. தெருவும் ஒரு காரணம். நம் காலத்தில் திண்ணைக்கு மூன்று படி ஏறுவோம். சாலைக்கு மேல் சாலையாகப் போட்டதில் இன்று ஒரு படிதான் மிச்சம். தெருத்தண்ணீர் சந்து வழியாக உன் சுவர் ஓரம் இறங்குகிறது.

அட்லாண்டாவில் மகன் வீட்டு மரத்தரைக்கு அடியில், ஆள் தவழ்ந்து போகும் இடத்தில் தண்ணீர் தேங்கியதையும், மண்ணின் மேல் கனத்த பிளாஸ்டிக் விரிப்புப் போட்டுச் சரிசெய்ததையும் எழுதியிருந்தாய். இங்கேயும் அப்படி விரித்து, மேலே டைல்ஸ் ஒட்டிவிடலாமா என்று கேட்டாய். வேண்டாம். அங்கே மண்ணுக்கும் தரைக்கும் நடுவில் வெற்றிடம் இருக்கிறது. விரிப்பு மண்ணின் ஈரத்தை மரத்துக்கு வரவிடாமல் தடுக்கிறது. உன் பாட்டனார் கட்டிய வீடு மண்ணின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. தரையை மூடினால் ஈரம் பக்கவாட்டில் சுவருக்குப் போகும், செங்கல் அதை உறிஞ்சி மேலே ஏற்றும். ஆறு வருஷத்துக்கு முன் ஒப்பந்தக்காரர் பழைய சுண்ணாம்புக் காரையைக் கொத்திவிட்டுச் சிமெண்ட் பூசினாரே, அப்போதே எனக்கு மனசு ஒப்பவில்லை. வாய்விட்டுச் சொல்லாமல் போனேன் என்பது இன்றும் உறுத்துகிறது. சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை வெளியே விடும். சிமெண்ட் விடாது.

ஆகவே வெளியிலிருந்து தொடங்க வேண்டும். முதலில் சலதாரையைத் தோண்டி வேரை வெட்டி, கொல்லைப் பக்கம் வாட்டம் கொடுப்பது. சந்தில் சுவரை ஒட்டிக் குவிந்த மண்ணை அள்ளிவிட்டு, தண்ணீர் சுவரைவிட்டு விலகி ஓடும்படி ஒரு வடிகால் வெட்டுவது. பிறகு சிமெண்ட் பூச்சை இடுப்பு உயரம் வரை கொத்தி எடுத்துவிட்டு, செங்கல்லைச் சும்மா காயவிட வேண்டும். இதில் மட்டும் அவசரம் கூடாது. மாசி, பங்குனி, சித்திரை வெயில் முழுதும் படட்டும். காய்ந்த பிறகு சுண்ணாம்பு பூசலாம். சுவரில் மிச்சமிருக்கும் உப்பு அந்தப் பூச்சிலும் வந்து உதிரத்தான் செய்யும். சில வருஷம் கழித்து அந்த இடத்தை மட்டும் மறுபடி பூசிக்கொள்ளலாம்.

வழக்கம்போல ஜூன் 12 அன்று மேட்டூரைத் திறந்துவிட்டால், கல்லணை வழியாக நம் வாய்க்காலுக்கும் தண்ணீர் வந்துவிடும். அதன்பின் கிணற்றில் நீர்மட்டம் ஏறும்; சுவர் காயாது. அதற்குள் வேலை முடிய வேண்டும்.

பத்தாயத்தை விற்றுவிடலாம் என்று உன் தம்பி சொன்னதாக எழுதியிருந்தாய். மூடியைத் தூக்கிப் பார்த்தேன். உட்பக்கப் பலகையில் உன் அப்பா நெல் அளந்து கரிக்கட்டியால் போட்ட கலக்கணக்கு, ஐந்து ஐந்து கோடாக, இன்னும் அழியவில்லை. பலகை முழுக்க உறுதியாக இருக்கிறது. உளுத்த காலை மட்டும் அறுத்துவிட்டு, கருங்கல் வைத்து நிறுத்தலாம் என்கிறார் ஆசாரி. நானும் அதைத்தான் சொல்வேன்.

சாவி என்னிடமே இருக்கிறது. தினமும் காலையில் போய் ஜன்னல்களைத் திறந்துவிட்டு, விளக்கு வைக்கும் நேரத்தில் சாத்திவிட்டு வருகிறேன். சுண்ணாம்பை வாங்கி நீற்றிப் போட வேண்டும்; கொத்தனாருக்கு எப்போது சொல்லட்டும் என்று எழுது.

உன் அன்பு நண்பன்