எல்லோரும் வீடு திரும்பிய கதைகள்

பாளையங்கோட்டை
ஞாயிறு இரவு

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். போன வாரம் நீ கேட்ட கேள்விக்குத் தொலைபேசியிலேயே பதில் சொல்லியிருப்பேன். அந்த நேரம் பார்த்து உன் அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டாள். மழுப்பிவிட்டேன். அன்றிலிருந்து அது மனத்தில் உறுத்திக்கொண்டே இருக்கிறது.

"சின்னவனுக்கு ராத்திரியில் மினோட்டார் கதை சொல்கிறேன். நீங்கள் எனக்குச் சொன்னதில் தீசியஸும் அரியாட்னியும் ஒன்றாகக் கப்பலேறி வந்து கல்யாணம் செய்துகொண்டார்கள். எந்தப் புத்தகத்திலும் அப்படி இல்லையே அப்பா. நான் எதைச் சொல்ல?" என்று கேட்டாய். குரலில் கொஞ்சம் கோபம் இருந்தது. இருக்க வேண்டியதுதான்.

ஒப்புக்கொண்டுவிடுகிறேன். உன் எட்டு வயதில் நான் சொன்ன கிரேக்கக் கதைகளில் பாதி என் கைச்சரக்கு. காளைத்தலை அரக்கன் மினோட்டாரைக் கொன்றுவிட்டு, அரசகுமாரி அரியாட்னி கொடுத்த நூலுண்டையைப் பிடித்துக்கொண்டுதான் ஏதென்ஸ் இளவரசன் தீசியஸ் அந்த அரக்கன் அடைபட்டிருந்த சுற்றுமாளிகையிலிருந்து உயிரோடு வெளியே வந்தான். பிறகு நக்சோஸ் தீவில், அவள் தூங்கிக்கொண்டிருக்கும்போது விட்டுவிட்டுக் கப்பலேறிவிட்டான். ஏதென்சை நெருங்கும்போது கறுப்புப் பாயை இறக்கி, உயிரோடு திரும்பினால் ஏற்றுவதாகச் சொல்லியிருந்த வெள்ளைப் பாயை ஏற்ற மறந்தான். மகன் செத்துவிட்டான் என்று நினைத்த அப்பா ஏஜியஸ் உயரத்திலிருந்து குதித்துச் செத்தார். நான் சொன்ன கதையில் அந்தக் கிழவர் துறைமுகத்தில் நின்று கையசைப்பார். நீ சிரிப்பாய் என்று அவர் கையில் ஒரு குடை வேறு கொடுத்திருந்தேன்.

மாவீரன் ஹெராக்ளிஸ் பைத்தியம் பிடித்துத் தன் பிள்ளைகளையே கொன்றதை நான் சொல்லவேயில்லை. மந்திரக்காரி மெடியா கதையைத் தங்கக் கம்பளி கிடைத்ததோடு நிறுத்திக்கொண்டேன். அதற்குப் பிறகு என்ன ஆயிற்று என்று நீ கேட்டதற்கு, "பிறகென்ன, சாப்பிட்டுத் தூங்கினார்கள்" என்றேன்.

சரியான கதை எது என்று கேட்கிறாய். நானும் தேடிப் பார்த்தேன். முப்பது வருடம் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தியவனுக்கு மூலப்படி எங்கே என்று தேடாமல் இருக்க முடியாது. இந்தக் கதைகளுக்கு மூலப்படி இல்லை. கிரேக்க நாடகாசிரியர் யூரிபிடீஸ் கி.மு. 431-இல் மேடையேற்றிய நாடகத்தில் மெடியாவே தன் பிள்ளைகளைக் கொல்கிறாள். அந்தப் போட்டியில் நாடகத்துக்கு மூன்றாம் பரிசுதான். கொரிந்து நகரத்துக்குப் போன பயண எழுத்தாளர் பாசனியாஸ் எழுதிவைத்திருப்பது வேறு: ஊர்க்காரர்கள்தான் அந்தப் பிள்ளைகளைக் கல்லால் அடித்துக் கொன்றார்கள். ஹெராக்ளிஸ் பிள்ளைகளைக் கொன்றது அவனுக்கு இடப்பட்ட பன்னிரண்டு வேலைகளுக்கு முன்பா பின்பா என்பதில்கூட ஆளுக்கொரு கணக்கு. முன்பு என்றால் அந்த வேலைகள் பிராயச்சித்தம். பின்பு என்றால் உலகத்தின் கொடிய மிருகங்களையெல்லாம் ஒழித்துவிட்டு வந்தவன், வீட்டு வாசலில் தானே அந்த மிருகமாகிறான். யூரிபிடீஸ் பின்பு என்று வைத்தார். பாவி மனுஷன்.

தீபாவளிக்கு நீ அனுப்பிய மெடூசா நாவலைப் படித்து முடித்தேன். பாம்புக் கூந்தல் அரக்கியின் பக்கத்திலிருந்து கதை சொல்வது இப்போது எல்லோருக்கும் பிடித்திருக்கிறது போல. நன்றாகத்தான் எழுதியிருக்கிறார்கள், ஆனால் பாதிக்கு மேல் எனக்கு அலுத்துவிட்டது. மெடூசா ஒரு தவறும் செய்யாத புனிதை. அவள் தலையை வெட்டிய பெர்சியஸ் வடிகட்டின முட்டாள். பழைய கதையில் நல்லவனும் கெட்டவளும் இருந்த இடத்தை மாற்றிப் போட்டதுதான் மிச்சம். அட்டையில் வேறு, இரண்டாயிரம் ஆண்டுகளாக யாரும் கேட்காத குரல் என்று போட்டிருக்கிறது. இதைத்தான் என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. அந்தக் குரலைப் பழையவர்களே கேட்டிருக்கிறார்கள்.

பழைய கிரேக்கக் கவிஞர் ஹெசியட் பாடலில் மெடூசாவுக்குத் தண்டனையும் இல்லை, கோவிலும் இல்லை. மூன்று சகோதரிகளில் சாகக்கூடியவள் அவள் ஒருத்திதான். வசந்தகாலப் பூக்கள் பூத்த புல்வெளியில் கடல் தெய்வம் அவளோடு படுத்தான், அவ்வளவுதான். அழகியாக இருந்தாள், கோவிலில் வைத்துக் கெடுக்கப்பட்டாள், அதற்குத் தண்டனையாக அவள் கூந்தலே பாம்பாயிற்று என்று விரிவாகச் சொன்னவர் ஏறக்குறைய எழுநூறு ஆண்டுகள் கழித்து வந்த ரோமானியர் ஓவிட். அதையும் அவர் யார் வாயில் வைத்தார் தெரியுமா? பெர்சியஸ் வாயில். கல்யாண விருந்தில் ஒருவர் கேட்கிறார், தலையை வெட்டியவனே அவள் கதையைச் சொல்கிறான். அதற்குச் சற்று முன்புதான் கடல் அரக்கனைக் கொன்றுவிட்டு அவன் கைகழுவப் போகிறான். மெடூசாவின் தலையைக் கீழே வைக்க வேண்டும். மணல் உறுத்தக்கூடாது என்று இலைகளைப் பரப்பி, அதன்மேல் கடல்பாசியை விரித்து, அதற்குப் பிறகுதான் தலையை வைக்கிறான். வெட்டியவனும் அவன்தான், பாசி விரித்தவனும் அவன்தான். இந்த ஒரு இடத்துக்கு நீ அனுப்பிய நாவல் முழுவதையும் கொடுத்துவிடலாம்.

கிரேக்கக் கவிஞர் பிண்டார் இன்னும் ஒரு படி மேலே. கி.மு. 490-இல் குழல் ஊதிப் பரிசு வாங்கிய ஒருவனைப் பாட வந்தவர், குழலிசை எப்படிப் பிறந்தது என்று சொல்கிறார். தங்கை வெட்டுண்டதும் மற்ற இரண்டு சகோதரிகளும் அழுதார்கள். பெர்சியசுக்குத் துணைநின்ற அதீனா தேவி அந்த ஒப்பாரியைக் கேட்டு அதைப் போலவே குழலில் ஊதினாளாம்.

இதையெல்லாம்விட, நான் உனக்குச் சொல்லவே சொல்லாத ஒருவன் இருக்கிறான். கெரியோன் என்ற மூன்றுதலை அரக்கன். மெடூசாவின் பேரன். அவள் கழுத்து வெட்டுண்டபோது அதிலிருந்து குதித்து வந்த கிரிசாவோரின் மகன். மேற்கே, கடலுக்கு அப்பால் ஒரு தீவில் செந்நிற மாடுகளை வைத்துக்கொண்டு இருந்தான். அந்த மாடுகளை ஓட்டி வருவது ஹெராக்ளிசின் பத்தாவது வேலை. போனான், நாயைக் கொன்றான், மாடு மேய்ப்பவனைக் கொன்றான், கெரியோனைக் கொன்றான், மாட்டை ஓட்டி வந்தான். பட்டியலில் ஒரு வரி.

அந்த ஒரு வரியை எடுத்து, கி.மு. ஆறாம் நூற்றாண்டில் சிசிலித் தீவில் வாழ்ந்த ஸ்டெசிகோரஸ் ஒரு நெடும்பாட்டே பாடினார். பெயரே கெரியோன் பாட்டு. மற்றவர்கள் எடுத்தாண்ட சில வரிகளைத் தவிர அது காணாமல் போய்விட்டது. எகிப்தில் ஆக்சிரிங்கஸ் என்ற ஊரின் பழைய குப்பைமேடுகளை 1896-இல் தோண்டத் தொடங்கினார்கள். அங்கே கிடைத்த பாப்பிரஸ் என்ற நாணல்தாள் துண்டுகளிலிருந்து இந்தப் பாட்டின் கிழிசல்களைச் சேர்த்து வெளியிட்டது 1967-இல். மொழிபெயர்ப்பில்தான் படித்தேன். ஒரு வரியில் பாதி இருக்கும், அடுத்த வரியில் ஒரு சொல் இருக்கும், அப்புறம் ஓட்டை. செல்லரித்த கைப்பிரதியை எத்தனையோ பார்த்தவன்தான், இதைப் பார்த்தபோது கை நடுங்கிற்று.

ஏனென்றால் மிஞ்சிய கிழிசல்களில் ஒன்றில் கெரியோனின் அம்மா பேசுகிறாள். கல்லிரோயி என்று பெயர். ஆறு கையும் ஆறு காலும் இறக்கையும் உள்ள மகனைப் பார்த்து, போகாதே என்கிறாள். பெற்றதும் துன்பம், பட்டதும் துன்பம் என்று புலம்புகிறாள். உனக்கு நான் எப்போதாவது பால் கொடுத்தது உண்டென்றால், என்று தொடங்குகிறாள். அதற்கு மேல் பாப்பிரஸ் கிழிந்திருக்கிறது.

நம் புறநானூற்றுக் கிழவி நினைவுக்கு வருகிறாளா? மகன் போரில் புறமுதுகு காட்டினான் என்று கேட்டு, அப்படியானால் அவன் பாலுண்ட முலையை அறுத்தெறிவேன் என்று வாளோடு களத்துக்குப் போனாளே, அவள். பிணங்களைப் புரட்டிப் பார்த்து, வெட்டுண்டு கிடந்த மகனைக் கண்டு, பெற்ற நாளைவிட மகிழ்ந்தாள். அந்தப் பாட்டைப் பள்ளியில் மனப்பாடம் செய்தவன் நான். ஆனால் நீ பிறந்த பிறகு எனக்கு அது வாயில் வரவில்லை. ஆறு கை மகனைப் பெற்றவள்தான் எனக்குச் சொந்தக்காரியாகத் தெரிகிறாள்.

கெரியோன் கேட்கவில்லை, போனான். பலதலைப் பாம்பு ஹைட்ராவின் நஞ்சு தோய்த்த அம்பு சத்தமில்லாமல் நெற்றியில் இறங்கிற்று. கசகசாப் பூ இதழ் உதிர்த்துச் சாய்வதுபோல அவன் கழுத்து ஒரு பக்கமாகச் சாய்ந்தது என்கிறது பாட்டு. இந்தப் பூ ஹோமருடையது. இலியட்டில் டிராய் அரசனின் மகன் ஒருவன் அம்பு பட்டுச் சாகும்போது தலை அப்படித்தான் சாயும். இளவரசனுக்கு வைத்த பூவை எடுத்து மூன்றுதலை அரக்கனுக்கு வைத்தார் ஸ்டெசிகோரஸ். அதற்காக ஹெராக்ளிசை அவர் கோமாளி ஆக்கவில்லை. அம்பு அம்பாகவே பாய்கிறது. அதே பாட்டில் இன்னொரு துண்டு: சூரியன் தன் பொற்கிண்ணத்தில் ஏறிக் கடலைக் கடந்து, இருட்டுக்குள் இருக்கும் வீட்டுக்குப் போகிறான். அங்கே அவன் அம்மா, மனைவி, அருமைப் பிள்ளைகள். ஹெராக்ளிஸ் தோப்புக்குள் நடந்து போகிறான்.

உனக்கு நினைவிருக்கும் ஒற்றைக்கண் பாலிஃபீமசும் இப்படித்தான். ஒடிசியசின் ஆட்களில் ஆறு பேரை நாய்க்குட்டியைப்போலத் தரையில் அடித்துத் தின்றவன். ஒடிசியஸ் அவன் கண்ணைக் குருடாக்கிய பிறகு, குகை வாசலில் உட்கார்ந்து தன் கிடாவைத் தடவிக்கொண்டு பேசுகிறான்: எப்போதும் முதலில் போவாயே, இன்று ஏன் கடைசியில் வருகிறாய், என் கண்ணுக்காக வருத்தப்படுகிறாயா? கிடாவின் வயிற்றுக்கு அடியில்தான் ஒடிசியஸ் தொங்கிக்கொண்டிருக்கிறான். உனக்கு நான் கிடாவை மட்டும் சொன்னேன், தின்றதை விட்டுவிட்டேன். அதனால்தான் நீ அன்று அழவுமில்லை, பயப்படவுமில்லை, நடுவிலேயே தூங்கிப்போனாய். சின்னவனுக்கு இரண்டையும் சொல். ஆறு வயதுக்கு அது தாங்கும். கறுப்புப் பாயையும் சொல். குடை வேண்டாம்.

இனி அரியாட்னி. நீ கேட்டது அவளைத்தானே. அவள் என்ன ஆனாள் என்பதற்கு, வாழ்க்கை வரலாறுகள் எழுதிய கிரேக்கர் புளூட்டார்க் நாலைந்து கதைகளை அடுக்குகிறார். தூக்குப்போட்டுக்கொண்டாள் என்பது ஒன்று. சைப்ரஸ் தீவில் அமாதூஸ் என்ற ஊர்க்காரர் ஒருவர் சொன்னதாக இன்னொன்று. அதை நான் போன வருடம்தான் படித்தேன்.

புயலில் கப்பல் சைப்ரஸ் கரையில் ஒதுங்குகிறது. அரியாட்னி பிள்ளைத்தாய்ச்சி, கடல் ஒத்துக்கொள்ளாமல் துவண்டு கிடக்கிறாள். தீசியஸ் அவளைக் கரையில் இறக்கிவிட்டுக் கப்பலைக் காப்பாற்றத் திரும்பி ஏறுகிறான். காற்று அவனை நடுக்கடலுக்கு இழுத்துப் போய்விடுகிறது. ஊர்ப் பெண்கள் அவளைக் கொண்டுபோய் வைத்துப் பார்த்துக்கொள்கிறார்கள். தன்னந்தனியாகிவிட்டோமே என்று அவள் உடைந்து போகிறாள். அந்தப் பெண்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? தீசியஸ் எழுதியதாகத் தாங்களே கடிதங்கள் எழுதிக் கொண்டுவந்து கொடுத்தார்கள். பிரசவ வலி வந்தபோது கூட இருந்தார்கள். அவள் பிழைக்கவில்லை. பிறகு திரும்பி வந்த தீசியஸ் துக்கத்தில், அவள் பெயரில் பூசை செய்யப் பணம் வைத்துவிட்டுப் போனான். அந்தப் பூசையில் இளைஞன் ஒருவன் தரையில் படுத்துக்கொண்டு, பிரசவ வலியில் பெண் கத்துவதைப்போலக் கத்துவானாம்.

கல்யாணம் நடந்தது என்று நான் சொன்னது, நான் படித்தவரை எந்தக் கிரேக்கனும் சொல்லாதது. ஆனால் அந்தப் பெண்கள் எழுதிய கடிதங்களைப் படித்த அன்று என் பொய்யும் அங்கேதான் சேர்த்தி என்று தோன்றிற்று.

உன் அம்மாவுக்கு மூளைக்காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் இருந்த மாதங்கள் உனக்கு எவ்வளவு நினைவிருக்கிறதோ தெரியாது. இருபத்திரண்டு நாள் அவள் கண் திறக்கவில்லை. பிள்ளைகளை உள்ளே விடமாட்டார்கள். உன்னை ஆச்சியிடம் விட்டுவிட்டுப் பகலெல்லாம் அங்கே கிடப்பேன். ராத்திரி வீட்டுக்கு வந்தால், விளக்கை அணைக்கவிடாமல் கதை கேட்பாய். அந்த மாதங்களில் தீசியஸ், பெர்சியஸ், ஒடிசியசின் ஆட்கள் எல்லோரும் வீடு வந்து சேர்ந்தார்கள். வேறு எப்படிச் சொல்வேன்?

கதைக்கு முன்னால் இன்னொன்றும் கேட்பாய். அம்மா இன்றைக்கு என்ன சொன்னாள்? பேச்சில்லாமல் கிடந்தவள் சொன்னதாக நான்தான் தினமும் ஒன்று சொல்வேன். பல் தேய்த்துவிட்டுப் படுக்கச் சொன்னாள். ஆச்சியை எதிர்த்துப் பேசக்கூடாது என்றாள். வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிக்கச் சொன்னாள். நீயும் ஒன்று விடாமல் செய்தாய்.

இதை இத்தனை வருடமாக உன்னிடம் சொன்னதில்லை. அவளிடமும் சொன்னதில்லை.

அவள் வீட்டுக்கு வந்த நாளில், இடது கையைத் தூக்க முடியாமல் ஈசிசேரில் சாய்ந்திருந்தாள். நீ ஓடிப்போய் முதலில் கேட்டது இதுதான்: "நீ சொன்னபடி வெள்ளிக்கிழமையெல்லாம் எண்ணெய் தேய்த்துக் குளித்தேன் அம்மா, கண்ணெல்லாம் எரிந்தது. ஏன் அப்படிச் சொன்னாய்?" நான் கதவருகில் மருந்துப் பையோடு நின்றுகொண்டிருந்தேன். அவள் என்னை ஒரு கணம் பார்த்தாள்.

"சீயக்காயை நன்றாக அலசச் சொன்னேனே, அலசினாயா?" என்றாள்.

அன்புடன்
அப்பா