கொலோனிலிருந்து வந்த போட்டோ

பாப்பாவுக்கு,

நீ போட்டோ அனுப்பிப் பதினாறு நாளாகிறது. செயின்ட் பாந்தலேயோன் தேவாலயம், தியோஃபானுவின் கல்லறை, பக்கத்தில் நீ. மாப்பிள்ளைதான் எடுத்தாரா? செல்ஃபி மாதிரி இருந்தது. சரி, அதை விடு. கழுத்தில் மப்ளர் இல்லை. உனக்குக் குளிர் பட்டால் உடனே மூக்கடைக்கும்.

"யாரும்மா இவள், நீ நடத்தியிருக்கிறாயா" என்று கேட்டிருந்தாய். அத்தனை வருஷம் வரலாறு எடுத்தும் எங்கள் பாடத்தில் இவள் வரவே இல்லை. இப்போதுதான் தேடிப் படித்தேன். கான்ஸ்டான்டிநோபிள் பெண். தெற்கு இத்தாலி யாருக்கு, ரோமாபுரிப் பேரரசன் என்ற பட்டம் யாருக்கு என்று கான்ஸ்டான்டிநோபிளிலிருந்து ஆண்ட கிழக்கு ரோமப் பேரரசான பைசாந்தியத்துக்கும் ஜெர்மனிக்காரர்களுக்கும் தகராறு. அதைத் தீர்க்க 972 ஏப்ரலில் ரோமில் ஜெர்மனிக்காரப் பேரரசன் முதலாம் ஓட்டோவின் மகன் இரண்டாம் ஓட்டோவுக்கு இவளைக் கட்டிவைத்தார்கள். ஜெர்மனிக்காரர்கள் கேட்டது அரண்மனையில் பிறந்த இளவரசியை, வந்து இறங்கியதோ பேரரசர் ஜான் சிமிஸ்கெஸின் உறவுக்காரப் பெண். திருப்பி அனுப்பிவிடுங்கள் என்று சபையில் சிலர் சொன்னார்களாம், மாமனார்தான் கேட்கவில்லை. அந்தப் பெண் காதில் அது விழாமலா இருந்திருக்கும்?

கல்யாணப் பட்டயம் ஊதா நிறத் தோலில் பொன் எழுத்தில் எழுதியது, உங்கள் ஜெர்மனியிலேயே வொல்ஃபன்பியூட்டல் என்ற ஊரில் இன்னும் இருக்கிறது. பொப்பார்ட், டீல், நார்ட்ஹவுசன் என்று எந்தெந்த ஊர் அவளுக்கு என்பது வரிசையாக வருகிறது. ஒருநாள் போய்ப் பார்த்துவிட்டு வா. தனியாகப் போகாதே. தனியாகத்தான் போக வேண்டும் என்றால் மப்ளர் கட்டிக்கொண்டு போ.

983-ல் புருஷன் போய்விட்டான், மகனுக்கு மூன்று வயது. பையனைப் பவேரியாக்காரச் சொந்தக்காரன் ஹென்ரி பிடித்து வைத்துக்கொண்டான். 984-ல் அவனைத் திரும்ப வாங்கி, 991-ல் கண்மூடும் வரை ஆட்சி இவள் கையில்தான். மாமியார் அடெல்ஹைடோடு ஒத்துப்போகவில்லை. (உன் மாமியாரை நான் ஒன்றும் சொல்லவில்லை.) 990-ல் ராவென்னாவில் ஓர் ஆவணத்தில் பேரரசி என்று போடாமல் பேரரசன் என்றே போட்டிருக்கிறாள்! ஆறாம் வகுப்பில் நீ 'மாணவத் தலைவன்' என்று கையெழுத்துப் போட்டு, தலைவி என்று மாற்றமாட்டேன் என்று நின்றாயே, அந்த நோட்டு இன்னும் என் பீரோவில் இருக்கிறது. அப்படிப்பட்டவள் இப்போது நான் ஒரு பக்கம் எழுதினால் 'ம்' என்று ஓர் எழுத்து அனுப்புகிறாய். அதற்கா உன்னை அவ்வளவு படிக்க வைத்தோம்.

சம்மதமா என்று அவளை யாராவது கேட்டார்களா என்று தேடினேன். நான் படித்த எதிலும் இல்லை.

உன்னையும் யாரும் கேட்கவில்லை. கேட்காமலே நீ சொன்னாய். அவர்கள் வந்து கூடத்தில் உட்கார்ந்திருந்தபோது அடுப்படிக்கு வந்து "வேண்டாம்மா" என்றாய். நான் டம்ளரைத் தட்டில் அடுக்கி உன் கையில் கொடுத்தேன். சர்க்கரை கம்மியாகப் போட்டிருக்கிறேன் என்று வேறு சொன்னேன். மில் கடன் அந்த மாசம் எந்த நிலையில் இருந்தது என்று உனக்குத் தெரியும், அப்பாவுக்கும் தெரியும். ஆனால் நீ சொன்னது என் காதில்தான் விழுந்தது, அப்பாவுக்கு நான் இன்றுவரை சொல்லவில்லை.

சித்தி வீட்டுச் செய்தி நிறைய இருக்கிறது, அப்புறம் எழுதுகிறேன். மாடி அறையிலிருந்த நெல் மூட்டையெல்லாம் இறக்கிப் பெருக்கி வைத்திருக்கிறேன். சும்மாதான். மப்ளர் கட்டிக்கொள்.

அம்மா