ஒரு துண்டுச் சதையில் ஆயுள் கணக்கு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கடந்த ஞாயிறு உங்கள் இணைப்பிதழில் தோல் புற்றுநோய் பற்றி வந்த கட்டுரையைப் படித்துவிட்டு, அன்று இரவு பத்தரை மணிக்கு என் அண்ணன் மகன் போன் செய்தான். "அத்தை, கட்டியோட மரபணுவைப் பாத்தா எவ்வளவு நாள்னு சொல்லிடலாமாமே. அப்பா ரிப்போர்ட்ல 18-ன்னு போட்டிருக்கே, அது மாசமா?" என்று கேட்டான். பி.காம். படித்தவன், விவரமான பையன். அந்த 18 மாதமில்லை. ஆய்வுக்குப் போன துண்டில் அந்த மரபணுவின் 100 பிரதிகளைப் படித்தால் 18 பிரதிகளில் மாற்றம் இருந்தது, அவ்வளவுதான். இதை அவனுக்குப் புரியவைத்துப் போனை வைக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. அதனால்தான் இந்தக் கடிதம்.

"ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்; அதுபோலக் கட்டியின் ஒரு துளியே நோயாளியின் வருங்காலத்தைக் காட்டிவிடும்" என்று கட்டுரையாளர் முடித்திருக்கிறார். நான் 31 வருடம் திசுப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவள். அறுவை அரங்கிலிருந்து பாட்டிலில் வரும் சதையை மெழுகில் புதைத்து பிளாக் ஆக்கி, மைக்ரோடோமில் நாலைந்து மைக்ரான் தடிமனுக்குச் சீவி, வெந்நீர்த் தொட்டியில் மிதக்கவிட்டு சிலைடில் ஏந்துவதுதான் என் பிழைப்பு. அந்தக் கையோடு சொல்கிறேன்: சோற்றுக்குச் சரியான பழமொழி, மெலனோமா என்ற இந்தத் தோல் புற்றுநோய்க்குச் சரிப்படாது.

அண்ணனுக்கு வயது 66. மன்னார்குடிப் பக்கம் நெல் விவசாயி. இடது குதிகாலில் கறுப்பாக ஒன்று இருந்தது. உள்ளங்காலில் மச்சம் இருந்தால் ஊர் ஊராகச் சுற்றுவான் என்பார்கள். திருவாரூரைத் தாண்டியதே இல்லையே என்று அண்ணியே கேலி செய்திருக்கிறார். பிறகு அது தடித்தது. வரப்பில் முள் குத்தியது என்றார், காலாணி என்று மருந்துக்கடைப் பிளாஸ்திரி ஒட்டினார். ஒன்பது மாதம் கழித்துப் புண்ணாகி, தொடை இடுக்கில் நெறி கட்டிய பிறகுதான் என்னிடம் காலைக் காட்டினார். பார்த்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. நம் ஊர்க்காரர்களுக்கு மெலனோமா வந்தால் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி என்று வெயில் படாத இடத்தில்தான் அதிகம் வருகிறது. பாடகர் பாப் மார்லிக்கும் 1977-இல் கால்விரல் நகத்தடியில்தான் கண்டுபிடித்தார்கள். பந்தாட்டத்தில் பட்ட காயம் என்று முதலில் நினைத்திருந்தார்கள். 1981-இல் இறந்தபோது அவருக்கு வயது 36. நீங்கள் போட்டிருந்த படமோ கடற்கரையில் வெயில் காயும் வெள்ளைக்காரர். போகட்டும்.

குதிகால் கட்டியை வெட்டி எடுத்தார்கள். எந்த மருத்துவமனை என்று சொல்லப்போவதில்லை. வாய் குறுகிய பாட்டிலில் திணித்து, சதையைக் கெடாமல் காக்கும் ஃபார்மலின் அது முங்கக்கூட இல்லாமல் அனுப்பியிருந்தார்கள். சதையின் அளவைப்போல் பத்து மடங்கு ஃபார்மலின் வேண்டும் என்பது வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே எங்களுக்குச் சொல்லித்தரும் பாடம். நடு ஆழத்துக்கு மருந்து ஏறாவிட்டால் டிஎன்ஏ குலைந்துவிடும். நல்ல வேளையாகத் தப்பியது.

அந்தக் கட்டியிலிருந்து ஆறு பிளாக் போட்டார்கள். தடிமன் 4 மில்லிமீட்டருக்கு மேல், புண் உண்டு. இந்த நோயில் இன்றைக்கும் எல்லோரும் முதலில் பார்ப்பது இந்தத் தடிமனைத்தான். 1970-இல் பிரெஸ்லோ என்ற நோய்க்குறியியல் மருத்துவர் கொண்டுவந்த அளவு, நுண்ணோக்கியில் ஒரு அளவுகோல் இருந்தால் போதும். உங்கள் கட்டுரையில் அது ஒரு வரிகூட இல்லை.

மரபணு சோதனைக்கு ஏ-2 என்ற பிளாக் போயிற்று. வெள்ளைக்காரர்களின் தோல் மெலனோமாவில் சுமார் பாதிப் பேருக்கு இருக்கும் பிராஃப் என்ற மரபணுவின் மாற்றம் அதில் இல்லை. கிட் என்ற மரபணுவில் மாற்றம் இருந்தது. பையன் மாதம் என்று நினைத்த 18 அதனுடையதுதான். பத்து மாதத்தில் நுரையீரலில் புள்ளிகள், இடது தொடையில் இரண்டு முடிச்சுகள். ரத்தப் புற்றுநோய்க்காக வந்த இமாடினிப் மாத்திரை கிட் மாற்றம் உள்ள மெலனோமாவிலும் சிலருக்குக் கேட்கும் என்று டாக்டர் தொடங்கினார். (இந்த மாத்திரை எங்களுக்குக் கட்டுப்படியானதற்கு ஒரு கதை உண்டு. இதன் காப்புரிமையைச் சென்னை அலுவலகம் 2006-இல் மறுத்தது, உச்ச நீதிமன்றம் 2013-இல் அந்த மறுப்பை உறுதி செய்தது. இதைப் பற்றி ஒரு கட்டுரை போடுங்கள், புண்ணியமாகப் போகும்.)

மூன்று மாதத்தில் நுரையீரல் புள்ளிகள் சுருங்கின. தொடையில் மேல் முடிச்சு கரைந்தது. கீழ் முடிச்சு நெல்லிக்காய் அளவிலிருந்து எலுமிச்சை அளவுக்கு வந்தது. ஒரே ஆள், ஒரே மாத்திரை, இரண்டு முடிச்சுக்கும் நடுவே நாலு விரற்கடை. கீழ் முடிச்சிலிருந்து துண்டு எடுத்தார்கள். கிட் மாற்றம் அதிலும் இருந்தது. கூடவே என்ராஸ் என்ற இன்னொரு மரபணுவிலும் மாற்றம். மாத்திரை கிட் என்ற வாசலை அடைத்தது, இது பின்வாசலைத் திறந்து வைத்துக்கொண்டது.

மாத்திரையால் புதிதாக வந்ததா, முன்பே இருந்ததா என்று எனக்குத் தூக்கம் வரவில்லை. பழைய பிளாக்குகளைக் கேட்டு வாங்கி மறுபடி சோதிக்கக் கொடுத்தோம். ஏ-5-இல் அந்த என்ராஸ் மாற்றம் இருந்தது. கொஞ்சம்தான், ஆனால் இருந்தது. அதாவது குதிகாலில் கத்தி வைத்த அன்றே அந்தச் செல் கூட்டம் அங்கே குடியிருந்தது, ஏ-2-இலிருந்து ஒன்றரை சென்டிமீட்டர் தள்ளி.

ஏ-5 ஏன் முதலிலேயே போகவில்லை? இங்கேதான் எனக்குக் குற்ற உணர்வு. ஏ-5 மை போலக் கறுப்பு. மெலனின் நிறமி அதிகமாக இருந்தால் டிஎன்ஏவைப் பெருக்கும் வினை தடைபடும், சோதனை தோற்றுவிடும். அதனால் வெளிறிய பிளாக்காகப் பார்த்து அனுப்புவது ஆய்வகப் பழக்கம். நானும் சர்வீஸ் முழுக்க அப்படித்தான் எடுத்துக் கொடுத்தேன். அந்தக் கூடத்துப் பெண் பிள்ளையைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. ஆனால் ரிப்போர்ட்டில் "கட்டியில் இந்த மாற்றம் இல்லை" என்று அச்சாகும்போது, அது வெளிறிய மூலையில் மட்டும் கேட்ட சாட்சி என்பது படிக்கிறவருக்கு எப்படித் தெரியும்?

இது என் கண்டுபிடிப்பில்லை. ஒரு செல்லில் தொடங்கும் கட்டி வளர வளரக் கிளை பிரியும், கிளைக்குக் கிளை மாற்றங்கள் வேறாகும் என்று பீட்டர் நோவெல் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1976-லேயே எழுதிவிட்டார். 2012-இல் லண்டனில் சார்ல்ஸ் ஸ்வான்டன் குழு சிறுநீரகக் கட்டியைப் பல இடங்களில் தோண்டிப் பார்த்து, ஒரு துண்டில் உள்ளது அடுத்த துண்டில் இல்லை என்று காட்டியது. மெலனோமாவில் 2011-இல் ஒரு மருத்துவ இதழில் வந்த மூன்று படங்களை நான் மறக்கமாட்டேன். 38 வயது ஆள், உடம்பெல்லாம் முடிச்சு. பிராஃபை அடக்கும் மாத்திரை தொடங்கி 15 வாரத்தில் அத்தனையும் மறைந்து தோல் வழுவழுவென்று ஆகிவிட்டது. 23-ஆவது வாரப் படத்தில் அதே இடங்களில் மறுபடியும் முடிச்சுகள். மாத்திரைக்கு முன் எடுத்த துண்டில் தென்படாத ஒரு மாற்றம் திரும்பி வந்த கட்டியில் இருந்தது.

இந்தக் கலப்படம் ஆயுளோடு எப்படிச் சேர்கிறது என்பதைக் கட்டுரையாளர் தலைகீழாகப் புரிந்துகொண்டிருக்கிறார் என்று நினைக்கிறேன். மாற்றங்களின் எண்ணிக்கை கூடினால் நோய் மோசம் என்று எழுதியிருக்கிறார். மெலனோமாவில் அப்படி நேர்க்கணக்கு இல்லை. மாற்றம் நிறைய இருந்தால் உடம்பின் எதிர்ப்புச் செல்களுக்கு "இது அந்நியன்" என்று அடையாளம் காண வழி நிறைய. ஆனால் அந்த அடையாளம் கட்டியின் எல்லாச் செல்லிலும் இருக்க வேண்டும். 2016-இல் நுரையீரல், தோல் இரண்டு புற்றுநோயிலும் பார்த்ததில், எல்லாச் செல்லுக்கும் பொதுவான மாற்றங்கள் மிகுந்த கட்டிகளே எதிர்ப்பாற்றலைத் தூண்டும் மருந்துக்கு நன்றாக அடங்கின. 2019-இல் இஸ்ரேலின் வைஸ்மான் நிலையத்தில் யார்டேனா சாமுவேல்ஸ் குழு எலிகளில் செய்தது இன்னும் தெளிவு. மெலனோமா செல்களைப் புற ஊதாக் கதிரில் காட்டி, கலவையாக எலிக்குள் வைத்தால் கட்டி கிடுகிடுவென்று வளர்ந்தது. அதே கலவையிலிருந்து ஒற்றைச் செல்லைப் பிரித்துப் பெருக்கி வைத்தால், மாற்றங்கள் அதே அளவு இருந்தும், எலியின் உடம்பே அதை விரட்டிவிட்டது. ஆக, எத்தனை மாற்றம் என்பதோடு, அவை ஒரே கூட்டத்திலா பல கூட்டத்திலா என்பதும் கேள்வி. ஒரு துண்டை வைத்து அதற்குப் பதில் சொல்ல முடியாது.

இதையெல்லாம் அண்ணனுக்கு எப்படிச் சொல்வது என்று நான் திணறியபோது அவரே சுலபமாக்கிவிட்டார். "கொள்முதல் நிலையத்துல நாப்பது மூட்டை போட்டா ஒரே மூட்டையக் குத்திப் பாத்துட்டா 17 சதவீத ஈரம்னு எழுதுறான்? எங்க ஈரமோ அங்கதான, பாப்பா, குத்துறான்!" என்றார். விதைப் பண்ணை போட்டவர் அவர். வயலில் இறங்கிக் கலவன் (வேற்று ரகப் பயிர்) பிடுங்கியவருக்கு, ஒரு கதிரைப் பார்த்து வயலைச் சொல்ல முடியாது என்று புதிதாகச் சொல்லித்தர என்ன இருக்கிறது?

மரபணு சோதனை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கிட் மாற்றம் தெரிந்ததால்தான் நுரையீரல் புள்ளிகள் சுருங்கின. நான் கேட்பது ஆய்வகங்களிடமும் உங்களிடமும். எந்த பிளாக் சோதிக்கப்பட்டது, அதில் கட்டிச் செல் எத்தனை சதவீதம் என்பதை ரிப்போர்ட்டின் முதல் வரியிலேயே போடுங்கள். விரலோடு எலும்பும் வந்தால், எலும்பை இளக்க அமிலத்தில் போடுமுன் சதைப் பகுதியில் ஒரு துண்டைத் தனியே எடுத்து வையுங்கள். அமிலம் பட்ட டிஎன்ஏ பிறகு உதவாது. குடும்பத்தார் பிளாக்குகளைக் கேட்டால் முகம் சுளிக்காதீர்கள். எங்கள் ஆறு பிளாக்கும் இப்போது என் பீரோவில் ஒரு பிஸ்கட் டப்பாவில் இருக்கின்றன. சாமி படத்துப் பக்கம் மட்டும் வைக்காதே என்று அண்ணி சொல்லியிருக்கிறார். உங்களிடம் கேட்பது, அந்தக் கடைசி வரிக்கு ஒரு திருத்தம். கட்டுரை வந்த அதே பக்கத்தில் போடுங்கள். என் அண்ணன் மகனைப்போல இன்னும் எத்தனை வீட்டில் ராத்திரி ரிப்போர்ட்டை விரித்து வைத்துக்கொண்டு எண்களைக் கூட்டிப் பார்க்கிறார்களோ.

வியாழக்கிழமை அண்ணனுக்கு நுரையீரலிலிருந்து ஒரு துண்டு எடுக்கிறார்கள். குறுவை நடவு முடிந்ததும் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். முடியாது என்று சொல்லிவிட்டேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வக நுட்புநர்,
மன்னார்குடி.
(பெயர் போட வேண்டாம். அண்ணன் உங்கள் பத்திரிகை வாசகர்.)