அக்கா, என் பயம் இன்னும் போகவில்லை

அன்புள்ள அக்கா,

ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர்களுக்குள் கடிதம் எதற்கு என்று கேட்பாய். நேரில் ஆரம்பித்தால் நீ அழுவாய், நான் பேச்சை மாற்றிவிடுவேன், ரெண்டு வருடமாக அப்படித்தான் போகிறது. இப்போது என் சிறுநீரகம் ஒன்றை எடுத்து உனக்கு வைக்கத் தேதி குறித்துவிட்டார்கள், அதற்குள் சிலதைச் சொல்லியாக வேண்டும். சபையில் இருக்கிறவர்களும் இதைப் படிப்பார்கள், அதனால் அப்பா விஷயத்தை நான் இங்கே எழுதவில்லை. ஆபரேஷன் என்ற வார்த்தையைக் கேட்டாலே எனக்கு ஏன் கை சில்லிட்டுப் போகிறது என்று உனக்குத் தெரியும்.

அந்த நெறிமுறைக் குழு என்னைத் தனியாகக் கூப்பிட்டு என்ன கேட்டது என்று நீ மூன்று தடவை கேட்டுவிட்டாய். உறுப்பு மாற்றுச் சட்டம் இங்கே சிங்கப்பூரில் 1987லேயே வந்துவிட்டாலும், உயிரோடு இருப்பவர் கொடுப்பதை 2004ல்தான் அதில் சேர்த்தார்கள். இந்தக் குழு எழுதிக் கொடுத்தால்தான் கத்தியைத் தொடுவார்கள். காசுக்காகவோ கட்டாயத்துக்காகவோ யாரும் கொடுத்துவிடக் கூடாது என்பதற்குத்தான் இந்த ஏற்பாடு. அவர்கள் ரொம்பத் தன்மையாகத்தான் கேட்டார்கள், "யாராவது உங்களை வற்புறுத்தினார்களா?" என்று.

எனக்கு உடனே உன் வாட்ஸ்அப் ஜெபக்குழுதான் ஞாபகம் வந்தது.

சொல்லிவிடுகிறேன், மனதில் வைத்துக்கொண்டு ஆபரேஷனுக்குப் போக எனக்கு இஷ்டமில்லை. "தம்பியின் பயம் நீங்க ஜெபியுங்கள்" என்று நீ அதில் போட்டாயே, அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து நான் தேநீர்க் கோப்பையோடு நிற்கிறேன், ஒரு அங்கிள் வந்து தோளில் கை வைத்து, "தேவன் நமக்குப் பயமுள்ள ஆவியைக் கொடுக்கலையே தம்பி" என்றார். அவர் நல்லவர், அன்பாகத்தான் சொன்னார். ஆனால் பக்கத்தில் என் பிள்ளைகள் நின்றார்கள். அதற்கப்புறம் நான் ஏன் ஆறு வாரம் சபைக்கு வரவில்லை என்று நீ எல்லாரிடமும் "வேலை" என்று சொன்னாய். வேலை இல்லை அக்கா.

பிள்ளைகள் சின்னவர்கள், லீவு கிடைக்காது என்று நான் சொன்னதெல்லாம் பொய்யில்லை. ஆனால் அது காரணமும் இல்லை. ரத்தப் பொருத்தம் பார்க்கவே நான் போகவில்லை, பொருந்திவிட்டால் என்ன செய்வது என்ற பயம்தான். மன்னித்துக்கொள். வீட்டுக்குள் இதைப் பற்றி நடந்த பேச்சு இங்கே வேண்டாம்.

அப்புறம் அந்த வியாழக்கிழமை. மழை பெய்தது, நான் வழக்கத்தைவிட சீக்கிரமாக வந்துவிட்டேன். புளோக்குக்குக் கீழே இருக்கிற அந்த டயாலிசிஸ் நிலையத்தில் உன்னை மெஷினில் இன்னும் மாட்டவில்லை. நாலு வருடத்தில் அந்த நேரத்தில் நான் உள்ளே வந்ததே இல்லை, நாலு மணி நேரம் கழித்து அழைத்துப் போகத்தான் வருவேன். நீ என் கையை இழுத்து உன் இடது முழங்கைக்கு மேலே வைத்தாய். ஃபிஸ்டுலா, டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காக ரத்தக் குழாய்களை இணைத்து வைத்திருக்கிற இடம். தோலுக்கு அடியில் கயிறு மாதிரி முறுக்கிக்கொண்டு எழுந்திருக்கிற அந்த நரம்பு, உள்ளே ஒரு வண்டு அடைபட்ட மாதிரி விடாமல் விர்ரென்று அதிர்ந்தது. நான் கையை எடுத்துவிட்டேன். நீ சிரித்தாய். "இது அதிர்ந்தாத்தான்டா நல்லது, நின்னாத்தான் ஓடணும்." தாதி முதல் ஊசியை எடுத்ததும் உன் சிரிப்பு நின்றுவிட்டது. நல்ல தடிமனான ஊசி. நீ கண்ணை மூடிக்கொண்டாய், உதடு மட்டும் அசைந்தது. ரெண்டாவது ஊசியும் போன பிறகு கேட்டேன், என்ன சொன்னாய் என்று.

"நான் பயப்படுகிற நாளில் உம்மை நம்புவேன்."

"இன்னுமா பயமா இருக்கு?"

"ஒவ்வொரு தடவையும்."

வாரத்துக்கு மூன்று நாள், நாளைக்கு ரெண்டு ஊசி, வருடத்துக்கு 312. ரயிலில் வரும்போது கணக்குப் போட்டேன். எனக்கு உன்மேல் இரக்கம் வரவில்லை அக்கா, கோபம்தான் வந்தது. நீயும் பயப்படுகிறாய் என்று சபையில் ஒரே ஒரு தடவை எழுந்து சொல்லியிருந்தால், பயப்படுகிறவன் நான் ஒருத்தன்தான் என்று ரெண்டு வருடம் நினைத்துக்கொண்டு இருந்திருக்க மாட்டேனே.

அன்று ராத்திரி வேதாகமத்தில் அந்த வசனம் இருக்கிற 56ஆம் சங்கீதத்தை எடுத்துப் பார்த்தேன். பெலிஸ்தர் தாவீதைக் காத்தூரில் பிடித்தபோது பாடியது என்று தலைப்பிலேயே இருக்கிறது. காத் என்றால், தாவீது கவண்கல்லால் வீழ்த்திய கோலியாத்தின் ஊர். சாமுவேலின் முதல் புத்தகத்தில் 21ஆம் அதிகாரத்தைத் திருப்பினால், தாவீது அங்கே போவதற்குக் கொஞ்சம் முன்னால்தான் கோலியாத்தின் பட்டயத்தை ஆசாரியனிடமிருந்து வாங்கியிருக்கிறார். அப்படிப்பட்டவர் ராஜாவுக்குப் பயந்து, பைத்தியக்காரனைப் போல வாசல் கதவில் கீறிக்கொண்டு, தாடியில் எச்சிலை வடியவிட்டுக்கொண்டு நிற்கிறார். சிறுவயதில் ஓய்வுநாள் பள்ளியில் நமக்குக் கவண்கல்லைச் சொல்லிக் கொடுத்தார்கள், இதைச் சொல்லிக் கொடுக்கவில்லை. அந்த மனுஷன்தான் "பயப்படுகிற நாளில்" என்று எழுதுகிறார். பயம் போன பிறகு நம்புவேன் என்று எழுதவில்லை. நான் அதற்குத்தானே காத்துக்கொண்டிருந்தேன், பயம் போகட்டும், அப்புறம் கையெழுத்துப் போடலாம் என்று.

மறுநாள் காலையில் ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணினேன். நீ நினைக்கிற மாதிரி ஜெபக்குழுவின் ஜெபத்தால் இல்லை. சரி, இருக்கலாம், அது கர்த்தருக்குத் தெரியும்.

குழுவிடம், யாரும் வற்புறுத்தவில்லை, பயமாக இருக்கிறது, ஆனாலும் கொடுக்கிறேன் என்று சொன்னேன். அதில் ஒருவர் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். ஒன்று போனாலும் மீதியிருப்பது கொஞ்சம் பெரிதாகி வேலையைப் பார்த்துக்கொள்ளும் என்று டாக்டர் படம் வரைந்து காட்டியது எனக்கு மனப்பாடம். இருந்தும் ராத்திரி மூன்று மணிக்கு விழித்துக்கொள்கிறேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். எல்லாம் முடிந்து நீ சாட்சி சொல்ல எழுந்திருப்பாய், எனக்குத் தெரியும். தம்பியின் பயத்தைக் கர்த்தர் எடுத்துப்போட்டார் என்று சொல்லாதே. அந்த வசனத்தை அப்படியே வாசி, போதும்.

தண்ணீர் அளவு தாண்டிவிடும் என்று நீ சப்பிக்கொண்டிருக்கிற ஐஸ் கட்டி தீர்ந்துவிட்டது. தட்டில் தண்ணீர் ஊற்றி ஃப்ரீசரில் வைத்திருக்கிறேன், ராத்திரிக்கு ஆகும்.

உன் தம்பி