நமது சித்திரக்கதை வட்டம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், ஞாயிற்றுக்கிழமை மதியத் தூக்கத்தைத் துறந்து வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவில் ஒருவர் எழுந்து, இந்த வட்டத்தில் இதுவரை திட்டமிட்ட கதைகள் எத்தனை, முடித்த கதைகள் எத்தனை என்று கேட்டது பலருக்கு நினைவிருக்கும். திட்டங்களுக்கு நம்மிடம் என்றும் பஞ்சமில்லை. பாண்டியர் காலத்து வரலாற்றுக் கதை மூன்று பாகங்கள், வைகை முற்றிலும் வறண்ட எதிர்காலத்தில் ஓர் அறிவியல் புனைவு, இருநூறு பக்கத் துப்பறியும் கதை. எல்லாவற்றுக்கும் நாயகனின் முகம் தயார், உடை தயார், கோட்டையின் வரைபடம்கூடத் தயார். முதல் பக்கம்தான் இல்லை. அன்றே தீர்மானம் போட்டோம்: புதிதாகத் தொடங்குபவர் யாராக இருந்தாலும் முதலில் எட்டுப் பக்கக் கதை ஒன்றை முடித்து, அச்சிட்டு, மேசையில் வைக்க வேண்டும். பெரிய கதையைப் பற்றிய பேச்சு அதற்குப் பிறகு. இவ்வாண்டு நடந்தவற்றில் பெரும்பகுதி அந்தத் தீர்மானத்திலிருந்து பிறந்தவையே.

எதிர்ப்பு இல்லாமல் இல்லை. நம்மில் பாதிப் பேர் 1972 முதல் சிவகாசியிலிருந்து வரும் முத்து காமிக்ஸைப் படித்து வளர்ந்தவர்கள். முழுநீளச் சாகசம் என்றால்தான் சித்திரக்கதை என்ற எண்ணம் ஊறிப்போயிருக்கிறது. எட்டுப் பக்கத்தில் என்ன சொல்லிவிட முடியும் என்று கேட்டார்கள். சரத் சர்மாவின் வேர்ல்ட் காமிக்ஸ் இந்தியா அமைப்பு, ஓவியப் பயிற்சியே இல்லாத கிராமத்து மக்களை நான்கே கட்டங்களில் தங்கள் ஊர்ப் பிரச்சினையை வரைய வைத்து, இரண்டு ஏ4 தாளை ஒட்டி, ஜெராக்ஸ் எடுத்துச் சுவரில் ஒட்டச் செய்தது. நான்கு கட்டம் போதும் என்று அவர்கள் காட்டியிருக்கும்போது நமக்கு எட்டுப் பக்கம் தாராளம்.

முதல் பயிற்சியில் யாரும் பென்சிலைத் தொடவில்லை. தாளை மடித்தோம். ஒரே ஏ4 தாளை எட்டாக மடித்து, நடுவில் ஒரு வெட்டுப் போட்டால் ஸ்டேப்ளர் பின்னே இல்லாமல் உள்ளங்கை அளவில் எட்டுப் பக்கப் புத்தகம் கிடைக்கும். ஒரு பக்கம் மட்டும் ஜெராக்ஸ் எடுத்தால் போதும். கல்லூரி மாணவர்கள் அதோடு நின்றார்கள். சற்றுப் பெரிதாக வேண்டும் என்றவர்கள் இரண்டு ஏ4 தாள்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்து நடுவில் மடித்து, ஏ5 அளவில் டம்மி, அதாவது வெற்று மாதிரிப் புத்தகம், செய்தார்கள். அதில் வெறுமனே பக்க எண் எழுதிவிட்டுப் பிரித்துப் பார்க்கச் சொன்னோம். வெளித்தாளின் ஒரு புறத்தில் எட்டும் ஒன்றும், மறுபுறத்தில் இரண்டும் ஏழும். உள்தாளில் ஆறும் மூன்றும், பிறகு நாலும் ஐந்தும். நடுவில் மடித்துப் பின் அடித்த புத்தகங்களின் பக்கங்கள் எல்லாம் ஏன் நான்கின் மடங்காகவே வருகின்றன என்பதற்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

எண் போட்ட டம்மி இன்னொன்றையும் காட்டிக்கொடுக்கிறது. வாசகர் தாளைப் புரட்டியதும் கண்ணில் படுவது இரட்டை எண் பக்கம். ஆகவே திடுக்கிட வைக்கும் காட்சி அங்கே இருக்க வேண்டும். ஒற்றை எண் பக்கத்தில் வைத்தால் எதிர்ப்பக்கத்தைப் படிக்கும்போதே ஓரக்கண்ணில் தெரிந்துவிடும். நம் உறுப்பினரான ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் இதை முழுதாகப் பயன்படுத்திக்கொண்டார். தெருவில் தண்ணீர் லாரிக்காகக் குடங்கள் வரிசையில் நிற்கின்றன. மனிதர்கள் நிழலில் ஒதுங்கியிருக்க, வரிசையில் குடங்கள் மட்டும். மூன்றாம் பக்கத்தின் கடைசிக் கட்டத்தில் எல்லாத் தலைகளும் ஒரே பக்கம் திரும்புகின்றன. புரட்டினால், நாலும் ஐந்தும் சேர்ந்து ஒரே லாரி, இரண்டு பக்கத்தையும் அடைத்துக்கொண்டு. நடுப்பக்கம் என்பதால் இரண்டும் ஒரே தாள். படம் நடுவில் பிசகவில்லை. ஆறாம் பக்கத்தில் லாரி நிற்காமல் போகிறது. பின்புறத்தில் ஒரு கல்யாண மண்டபத்தின் பெயர். முழுக் கதையிலும் இரண்டே இரண்டு வசனங்கள். அவருக்குக் கை வரைய வராது. அதனால் எல்லாக் கைகளையும் முந்தானைக்குள்ளும் லுங்கி மடிப்புக்குள்ளும் ஒளித்துவிட்டார். ஓவியக் கல்லூரியில் படித்தவர்கள் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை.

இனி எழுத்து விஷயம். இவ்வாண்டு நம் நேரத்தை அதிகம் தின்றது இதுதான். படத்தை வரைந்து முடித்துவிட்டு, மிச்சமிருக்கும் மூலையில் பலூனைச் செருகி, அதற்குள் வசனத்தை அடைப்பது நம்மவர்களின் பொதுவான பழக்கம். தமிழில் இது சரிப்படாது. ‘போய்க்கொண்டிருக்கிறார்கள்’ என்ற ஒரே சொல் ஒரு சின்ன பலூனின் அகலத்தை முழுதாகக் கேட்கும். நாளிதழ்போல நினைத்த இடத்தில் சொல்லை ஒடித்து அடுத்த வரிக்குத் தள்ளலாம் என்றால், பாத்திரம் திக்கித் திக்கிப் பேசுவதுபோல ஆகிவிடுகிறது. ஆங்கிலச் சித்திரக்கதைகளில் பெரும்பாலும் எல்லாமே கேப்பிடல் எழுத்து. வரிகளை நெருக்கி அடுக்கலாம். நமக்கு மேலே கீகாரத்தின் சுழி, கீழே பூகாரத்தின் வால். வரிக்கு வரி இடம் விடாவிட்டால் ஒன்றோடொன்று முட்டும். எனவே வட்டத்தின் நடைமுறை இப்போது இதுதான்: கட்டம் பிரித்ததும் முதலில் வசனம், அதைச் சுற்றிப் பலூன், மீதி இடத்தில் படம். முதலில் பேசுபவர் இடப்பக்கம் நிற்க வேண்டும். வசனம் பலூனுக்குள் அடங்கவில்லையா, எழுத்தைச் சிறிதாக்கக் கூடாது. வசனத்தை வெட்ட வேண்டும். இந்தக் கடைசி விதிக்குத்தான் எழுத்தாளர்களிடமிருந்து அதிகப் புகார் வந்தது. புகார்கள் கோப்பில் பத்திரமாக இருக்கின்றன.

கையெழுத்தா, கணினி எழுத்தா என்று ஒரு மாலை முழுதும் வாதம் நடந்தது. கையெழுத்து நன்றாக இருப்பவர் கையாலேயே எழுதலாம் என்பது என் கட்சி. அல்லாதவர்களுக்குக் கவிவனார், பாலூ தம்பி, ஹிந்த் மதுரை போன்ற எழுத்துருக்கள் திறந்த உரிமத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. விற்பனைக்கான புத்தகத்திலும் பயன்படுத்தத் தடையில்லை. யாரோ நண்பர் தந்தார் என்று உரிமம் தெரியாத எழுத்துருவைப் போட வேண்டாம். ஃபோட்டோஷாப்பில் தெற்காசிய மொழிகளுக்கான எழுத்தமைப்பைத் தேர்ந்தெடுக்காவிட்டால் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். கிருதா, இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருள்கள் இரண்டும் இலவசம். படத்துக்கு அது, எழுத்துக்கு இது என்று நம்மில் பலர் வைத்துக்கொண்டிருக்கிறார்கள். எதில் செய்தாலும் அச்சகத்துக்கு அனுப்பும்முன் எழுத்துகளை வடிவக் கோடுகளாக மாற்றிவிட வேண்டும். ஓர் அச்சகத்தில் கோப்பைத் திறந்தபோது நம் உறுப்பினர் ஒருவரின் ‘கொக்கு’ கொம்பு தனியாக, காலும் தனியாகச் சிதறிக் கிடந்தது. பிழைத்திருத்தப் பிரதி கேட்டு வாங்கியதால் தப்பித்தோம்.

எட்டுப் பக்கம் முடித்தவர்களின் படைப்புகளில் தேர்ந்தவற்றைக் கொண்டு 32 பக்கத் தொகுப்பு ஒன்றைக் கறுப்பு வெள்ளையில் கொண்டுவந்தோம். வண்ணம் வேண்டும் என்று கேட்டவர்களுக்குப் பதில்: ஆஃப்செட் அச்சில் கறுப்புக்கு ஒரு பிளேட் (அச்சுத் தகடு), வண்ணத்துக்கு நான்கு. பிளேட் செலவு நூறு பிரதிக்கும் ஆயிரம் பிரதிக்கும் ஒன்றே. ஆகவே குறைந்த பிரதிக்கு ஆஃப்செட் கட்டுப்படியாகாது. பிளேட் தேவைப்படாத டிஜிட்டல் அச்சில் ஐம்பது அடித்தாலும் இருநூறு அடித்தாலும் ஒரு பிரதியின் விலை ஏறத்தாழ அதேதான். நம்முடையது 300 பிரதிகள். இரண்டு வகைக்கும் விலை கேட்டு, டிஜிட்டலில், உள்ளே 80 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 80 கிராம்) மேப்லித்தோ தாள், ஆர்ட் கார்டு அட்டை, நடுவில் பின் என்று முடிவு செய்தோம். இனி வருபவர்களுக்காக: கோட்டோவியத்தை 600 டிபிஐக்கு (அங்குலத்துக்கு 600 புள்ளிகளுக்கு) குறையாமல் ஸ்கேன் செய்யவும், ஓரம் வரை போகும் படத்தை நாலாபுறமும் 3 மில்லிமீட்டர் கூடுதலாக வரையவும், கறுப்பு எழுத்து நான்கு மையும் கலந்த கறுப்பாக இல்லாமல் தனிக் கறுப்பாக இருக்கவேண்டும்.

தொகுப்பில் ஒரு கதை புதுமைப்பித்தனின் சிறுகதையைத் தழுவியது. அவர் மறைந்தது 1948இல், எழுத்துகளும் நாட்டுடைமையானவை. அனுமதிச் சிக்கல் எழவில்லை. உயிரோடு இருக்கும் எழுத்தாளர் ஒருவரின் கதையை வரைந்து வந்த தம்பியிடம், எழுத்தில் அனுமதி வரும்வரை காத்திருக்கச் சொல்லியிருக்கிறோம். கடிதம் போட்டிருக்கிறார். இந்தியாவில் பதிப்புரிமை, எழுதியவர் ஆயுளுக்குப் பின்னும் 60 ஆண்டு நீடிக்கும் என்பதை எல்லோரும் நினைவில் வைக்கவும்.

நமக்குள்ளும் ஒரு பக்க ஒப்பந்தம் எழுதிக்கொண்டோம். உரிமை வரைந்தவருக்கும் எழுதியவருக்கும். வட்டத்துக்கு ஒரு பதிப்பு அச்சிடும் அனுமதி மட்டும். காலம் குறிப்பிடாமல் உரிமையை எழுதிக்கொடுத்தால் சட்டப்படி ஐந்தாண்டு என்று கொள்ளப்படும் என்பதால், காலத்தையும் குறித்தோம். நண்பர்களுக்குள் எதற்குக் காகிதம் என்று மனம் வருந்தியவர்கள் உண்டு. நண்பர்களாகவே தொடரத்தான் காகிதம்.

ஐஎஸ்பிஎன் என்னும் பன்னாட்டு நூல் அடையாள எண்ணை ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை இலவசமாகவே தருகிறது, இணையத்தில் விண்ணப்பித்தோம். வெளியாகும் நூல்களை நூலகங்களுக்கு அனுப்பச் சொல்லும் 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் சென்னை கன்னிமாரா உள்ளிட்ட மற்ற மூன்று நூலகங்களுக்கும் பிரதிகள் அனுப்பியாகிவிட்டது.

விற்பனையைப் பற்றிக் கொஞ்சம். மதுரை தமுக்கம் மைதானத்தில் நடந்த புத்தகத் திருவிழாவில் தனிக்கடை எடுக்க நமக்கு வசதி இல்லை. தெரிந்த பதிப்பாளர் ஒருவரின் கடையில் ஓர் அடுக்குக் கிடைத்தது. முதுகு காட்டி அடுக்கியிருந்தவரை ஒன்றும் நகரவில்லை. பின் அடித்த மெல்லிய புத்தகத்துக்கு முதுகே கிடையாதே! கயிறு கட்டி, அட்டை தெரியக் கிளிப்பில் தொங்கவிட்ட பிறகு குழந்தைகள் கையை நீட்டினார்கள். எட்டுப் பக்கக் குட்டிப் புத்தகங்கள் பத்து ரூபாய்க்கு, தொகுப்பைவிட வேகமாகப் போயின. கடைக்காரர்களுக்கு மூன்றில் ஒரு பங்கு முதல் நாற்பது விழுக்காடு வரை கழிவு தர வேண்டியிருக்கிறது. அச்சுக்கூலியை மட்டும் பார்த்து விலை வைத்தால் ஒவ்வொரு பிரதி விற்கும்போதும் நஷ்டம்தான். தொகுப்புக்கு அடக்க விலையைப்போல இரண்டரை மடங்கு வைத்தோம். வரைந்தவர்களுக்குத் தலா பத்துப் பிரதிகள் தந்தோம். சன்மானம் தர முடியவில்லை. அடுத்த தொகுப்பிலும் இதே நிலை என்றால் அதைக் கொண்டுவரக் கூடாது என்பது என் கருத்து. செயற்குழுவில் இதில் ஒருமித்த கருத்து இல்லை; பொதுக்குழு முடிவு செய்யட்டும்.

நூலக அலமாரிக்கு வந்த புதுவரவுகளில் ஒரிஜித் சென்னின் நர்மதை அணை பற்றிய ஆங்கிலச் சித்திரநூலும் ஒன்று. 1994இல் கல்பவிருக்ஷ் அமைப்பு வெளியிட்டு நெடுங்காலம் கிடைக்காமல் இருந்ததை, 2022இல் சென்னையின் பிளாஃப்ட் பதிப்பகம் மீண்டும் கொண்டுவந்தது. பெரிய கதைதான் வரைவேன் என்று நிற்பவர்கள் முதலில் அதை இரவல் எடுத்துப் போகவும். இரவல் எடுத்தவர்கள் திருப்பித் தரவும். ஸ்கேனரின் கண்ணாடியில் கீறல் விழுந்திருக்கிறது. மை காயாத தாளை வைக்காதீர்கள் என்று எழுதி ஒட்டியும் பயனில்லை. வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார்.

வரும் ஆண்டுக்குச் செயற்குழு முன்வைப்பவை: பள்ளி மாணவர்களுக்குக் கோடை விடுமுறையில் தாள் மடிப்புப் புத்தகப் பயிற்சி, எட்டுப் பக்கம் முடித்தவர்களுக்கு மட்டும் 24 பக்கக் கதைக்கான ஆறு மாதக் குழு, சந்தாவை ஆண்டுக்கு நூறு ரூபாய் உயர்த்தி, உயர்த்திய தொகை முழுவதையும் சன்மானத்துக்கென ஒதுக்குவது. மூன்றாவதற்கு வாக்கெடுப்புத் தேவை. சந்தா பாக்கி வைத்திருப்பவர்களுக்கு வாக்குரிமை இல்லை. பட்டியல் கதவருகே ஒட்டப்பட்டிருக்கிறது.

இவ்வறிக்கையை ஏற்று நிறைவேற்றித் தருமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்