பியானோ பத்தலன்னு சொல்லிட்டாங்களாமே

அன்புள்ள கண்ணம்மா,

நேத்து நீ போன்ல சொன்னதுல இருந்து மனசே சரியில்ல. ஆர்க்கெஸ்ட்ராவை முன்னாடி நின்னு நடத்தக் கத்துக்கற அந்த கண்டக்டிங் கோர்ஸ்ல இடம் கிடைக்கலங்கறதவிட "கிளாரினெட் நல்லாத்தான் வாசிக்கற, ஆனா பியானோ பத்தாது"ன்னு சொன்னதுதான் உன்னை ரொம்ப நோகடிச்சிருக்குன்னு உன் குரல்லயே தெரிஞ்சுது. அப்பாவுக்கு போன்ல கோர்வையா பேச வராது, அதான் எழுதறேன்.

நீ ஸ்கூல் படிக்கறப்போ லண்டன்ல பார்பிகன் ஹாலுக்கு கூட்டிட்டுப் போனேனே, லண்டன் சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ரா, வெள்ளை முடியோட ஒருத்தர் நடத்தினாரே, காலின் டேவிஸ். அவருக்கும் இதே பதில்தான் சொன்னாங்க. ஒரு பேங்க் கிளார்க்கோட பையன், ஏழு பிள்ளைங்கள்ல அஞ்சாவது. ராயல் காலேஜ் ஆஃப் மியூசிக்ல கிளாரினெட் படிச்சாரு, கண்டக்டிங் கிளாஸ்ல சேரலாம்னு பார்த்தா பியானோ தெரியாதுன்னு உள்ளயே விடல. அவங்க கேக்கறதுலயும் ஒரு காரணம் இருக்கும்மா, அதையும் ஒத்துக்கணும். பாட்டாவே நடக்கற நாடகம் போடற ஒரு ஆபரா ஹவுஸ்ல சேர்ந்தா மொதல்ல பாடகர்களுக்கு பியானோ வாசிச்சு பயிற்சி கொடுக்கற வேலையத்தான் தருவாங்க, அதுல இருந்துதான் படிப்படியா கண்டக்டரா மேல வர்றது, அந்த வழி அவருக்கு அடைச்சே போச்சு.

அப்புறம் என்ன பண்ணாருங்கறதுதான் முக்கியம். மிலிட்டரி சர்வீஸ்ல குதிரைப்படை பேண்டுல கிளாரினெட் வாசிச்சாரு, முகாம் வின்ட்சர்ல, அங்கிருந்து லண்டன் வந்து பீச்சம், புரூனோ வால்டர் மாதிரி பெரிய கண்டக்டருங்க நடத்தற கச்சேரியெல்லாம் கேட்டாரு. வெளிய வந்ததும் நிரந்தர வேலைன்னு எதுவுமில்ல, கூட படிச்சவங்களைச் சேர்த்துக்கிட்டு கால்மார் ஆர்க்கெஸ்ட்ரான்னு ஒண்ணு, அப்புறம் 1950-ல செல்சி ஆபரா குரூப்னு ஆர்வலர்கள் சில பேர் சேர்ந்து ஆரம்பிச்ச குழு, அதுக்கு இவர்தான் கண்டக்டர், மேடை செட்டு காஸ்ட்யூம் எதுவும் கிடையாது, சும்மா நின்னு பாடறது. மொதல்ல எடுத்துக்கிட்டது மோட்சார்ட்டோட டான் ஜொவானிங்கற ஆபரா.

இத ஞாபகம் வச்சுக்கோ. 1959-ல லண்டன் ராயல் ஃபெஸ்டிவல் ஹால்ல அதே டான் ஜொவானி, நடத்த வேண்டிய கிளெம்பரர் உடம்பு சரியில்லாம போயிட, இவரை கூப்பிட்டாங்க. அப்போ இவருக்கு 32 வயசு, 1957-லதான் கிளாஸ்கோவுல பிபிசி ஸ்காட்டிஷ் ஆர்க்கெஸ்ட்ராவுல அசிஸ்டன்ட்டா சேர்ந்திருந்தாரு. அந்த ஒரு ராத்திரியில எல்லாரும் திரும்பிப் பார்த்தாங்க, அடுத்த வருஷமே கிளைன்ட்போர்ன் ஆபரா விழாவுல பீச்சமுக்கு பதிலா மோட்சார்ட்டோட மேஜிக் ஃப்ளூட் நடத்தினாரு. எல்லாரும் அதிர்ஷ்டம்னு சொல்வாங்க, எனக்கு அப்படித் தோணல. சம்பளம்னு பெருசா எதுவும் இல்லாத ஒரு குழுவோட ஒன்பது வருஷம் முன்னாடியே அந்த ஸ்கோரை, அதான் எல்லா வாத்தியத்தோட வரியும் சேர்ந்த அந்த நோட்டை, கரைச்சுக் குடிச்சிருந்தாரு, அதனாலதான் கூப்பிட்டதும் போய் நிக்க முடிஞ்சுது.

அதுக்கப்புறமும் எல்லாம் சுலபமா நடந்துடல. சின்ன வயசுல கோபக்காரர், கூட வேலை பார்க்கறது கஷ்டம்னு பேரு. 60-கள்ல லண்டன் சிம்பொனிக்கு தலைமை கண்டக்டர் தேடினப்போ இவர் பேரும் அடிபட்டுது, ஆனா கெர்தேஸ்னு இன்னொரு கண்டக்டரைத்தான் எடுத்தாங்க. 1971-ல லண்டன்ல கோவென்ட் கார்டன் ஆபரா ஹவுஸ் பொறுப்பை ஏத்துக்கிட்டாரு, ஆரம்பத்துல அங்க பிடிக்கலன்னு பார்க்க வந்தவங்க கூச்சல் போட்டாங்க, ஆனாலும் 1986 வரைக்கும் இருந்தாரு. நடுவுல 1977-ல ஜெர்மனியில பைராய்ட் விழாவுல வாக்னரோட டான்ஹாய்சர் ஆபரா, அங்க நடத்தின மொதல் பிரிட்டிஷ்காரர். கடைசியில 1995-ல அந்த லண்டன் சிம்பொனிக்கே தலைமை கண்டக்டர், 2006 வரைக்கும். நாம பார்த்தப்போ அந்த வாத்தியக்காரங்க அவரைப் பார்த்த பார்வை உனக்கு ஞாபகம் இருக்கா? பிரெஞ்சு இசையமைப்பாளர் பெர்லியோஸை இங்கிலாந்து முழுக்க கேக்க வச்சதுல இவருக்கு பெரிய பங்கு. அந்த பெர்லியோஸுக்கும் பியானோ வராதும்மா, ஃப்ளூட்டும் கிட்டாரும்தான்!

நீ ஆர்க்கெஸ்ட்ராவுக்கு நடுவுல, வயலினுக்குப் பின்னாடி உக்கார்ந்து பழகினவ. முப்பது நாப்பது பார், நம்ம தாள ஆவர்த்தனம் மாதிரி, சும்மா எண்ணிக்கிட்டே இருந்து கரெக்டா உள்ள வர்றது, கண்டக்டர் கையைத் தூக்கற அந்த நொடியில மூச்சு எடுக்கறது, அவர் தெளிவா காட்டலன்னா ரீடு வாயில இருக்கறவங்களுக்கு எவ்வளவு தவிப்புன்னு உனக்குத் தெரியும். பி ஃபிளாட், ஏ கிளாரினெட் ரெண்டையும் மாத்தி மாத்தி வாசிக்கறவ நீ, எழுதியிருக்கற ஸ்வரம் ஒண்ணு கேக்கற ஸ்வரம் ஒண்ணுங்கறது உனக்கு பழக்கம், ஸ்கோர்ல அதே மாதிரி எழுதியிருக்கற ஹார்ன் வரியைப் பார்த்தா பயப்படமாட்ட. பியானோ முன்னாடி மட்டுமே உக்கார்ந்து வளர்ந்தவங்க இதெல்லாம் அப்புறமா வந்துதான் கத்துக்கணும்.

அதுக்காக பியானோவை விட்டுடுன்னு சொல்லல. வாரம் ஒரு கிளாஸ் போ, பணம் அப்பா அனுப்பறேன், வேண்டாம்னு சொல்லாத. ஆனா அது வர்ற வரைக்கும் காத்திருக்காத. உன் செட்ல காத்து வாத்தியம் வாசிக்கறவங்க எட்டு பேர் கிடைச்சா போதும், மோட்சார்ட்டோட சி மைனர் செரினேட் இருக்கே, ரெண்டு ஓபோ, ரெண்டு கிளாரினெட், ரெண்டு ஹார்ன், ரெண்டு பசூன், ஒரு சர்ச் ஹாலை கேட்டுப் பாரு. கிளாரினெட்டை வேற யார்கிட்டயாவது கொடுத்துட்டு நீ முன்னாடி நில்லு. தேதி முடிவானதும் சொல்லு, அம்மாவுக்கும் சேர்த்து டிக்கெட் போடறேன்.

சாப்பாட்டை தள்ளிப்போடாத.

அன்புடன்,
அப்பா